பிள்ளை நடக்கும் தூரம்: வெளிநாட்டில் குடியிருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுப்பது

சென்னையிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 16இல் வடக்கே செல்பவர்கள் ஆரம்பாக்கத்தைக் கடந்ததும் தடாவை அடைகிறார்கள். பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறுகிறது. பேச்சு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் வருகின்றன. ஆனால் பள்ளி மாறிவிடுகிறது. ஆரம்பாக்கத்தில் வீடு எடுத்து மாநிலப் பாடத்திட்டப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தால், 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். சில கிலோமீட்டர் தள்ளித் தடாவில் வீடு எடுத்தால் ஆந்திர மாநிலப் பாடத்திட்டம், மொழிப்பாடம் தெலுங்கு.

வேறுபாடு அத்தோடு நிற்பதில்லை. அரசியலமைப்பின் 371-டி பிரிவின்கீழ் 1974இல் பிறந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, ஆந்திர உயர்கல்வி நிறுவனங்களில் 85 விழுக்காடு இடங்கள் ‘உள்ளூர் மாணவர்’ என்ற தகுதி உடையவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. தகுதித் தேர்வு வரையிலான நான்கு கல்வியாண்டுகளைத் தொடர்ந்து அந்தப் பகுதியிலேயே படித்திருப்பது அத்தகுதிக்கு முதன்மையான வழி. வாடகை சற்றுக் குறைவு என்று எல்லையைத் தாண்டிக் குடிபோன குடும்பம், பிள்ளை பிளஸ் டூ முடிக்கும்போதுதான் அந்தக் கோட்டின் விலையை உணர்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இந்தப் பக்கம் வர, சத்தியவேடு அந்தப் பக்கம் போனதிலிருந்து, இவ்வட்டார மக்கள் இத்தகைய கோடுகளோடு வாழப் பழகியவர்கள்.

வெளிநாட்டுக்குக் குடும்பத்துடன் புறப்படும் வாடிக்கையாளர்கள் நம்மிடம் அந்நியச் செலாவணி பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அடுத்த கேள்வி, “எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது?” என்பது. அதற்கு நாம் தரும் விடை தடாக்காரர்களுக்குப் புதிதாக இராது. நகரத்தின் பெயரைக் காட்டிலும் தெருவின் பெயரே முக்கியம். அந்தத் தெருவிலிருந்து பிள்ளை எந்தப் பள்ளிக்கு, எவ்வளவு தூரம் நடந்து செல்லும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அலுவலகத் தூரத்தையும் வாடகையையும் அதற்குப் பிறகு கணக்கிடுவது நல்லது.

ஜப்பானியர் இங்கே செய்ததும் இதுவே

2008இல் தொடங்கப்பட்ட ஸ்ரீசிட்டி, இந்த வட்டாரத்தை உலக வரைபடத்தில் சேர்த்தது. ஈசுசு, கோபெல்கோ, யூனிசார்ம், டைகின் போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் ஆலைகள் இங்கே இயங்குகின்றன. ஆலை தடாவுக்கு அருகில் இருந்தாலும், குடும்பத்துடன் வந்த ஜப்பானிய மேலாளர்களில் பலர் சென்னையிலேயே குடியிருந்து, நாள்தோறும் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வடக்கே பயணம் செய்யும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளும் பெரிய மருத்துவமனைகளும் சென்னையில் இருக்கின்றன; அமெரிக்கப் பன்னாட்டுப் பள்ளி நகரின் தென்பகுதியான தரமணியில் இருக்கிறது. தந்தை நெடுஞ்சாலையில் களைத்தாலும் பிள்ளையின் காலைப்பொழுது குறுகியதாக இருக்கட்டும் என்பது அவர்களுடைய கணக்கு. நம் ஊரிலிருந்து வெளிநாடு செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: அலுவலகத்துக்கு அருகில் வீடு எடுத்துவிட்டு, பிறகு பள்ளியைத் தேடுகின்றன.

கண்ணுக்குத் தெரியாத கோடுகள்

இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகள் பலவற்றில் இடத்துக்குப் போட்டி ஏற்பட்டால், வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான தூரமே தீர்ப்பளிக்கிறது. விண்ணப்பங்கள் எத்தனை என்பதைப் பொறுத்து, கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் வீட்டுத் தூரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே, “பள்ளி பக்கத்தில்தான்” என்று வீட்டு முகவர் சொல்வது போதாது. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் எவ்வளவு தூரம் வரை இடம் கிடைத்தது என்று உள்ளூர் நிர்வாக மன்றத்தைக் கேட்க வேண்டும். அந்த விவரத்தைப் பல மன்றங்கள் வெளியிடுகின்றன. தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15, உயர்நிலைப் பள்ளிக்கு அதற்கு முந்தைய அக்டோபர் 31 என்று விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்களும் உண்டு. அவற்றைத் தவறவிட்டு இடையில் வருபவர்களுக்கு, காலியிடம் இருக்கும் பள்ளியே கிடைக்கும். ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ உறவினர் இருப்பது ஆறுதல்தான். அந்த உறவினரின் பிள்ளைக்குக் கிடைத்த பள்ளி நம் பிள்ளைக்கும் கிடைக்கும் என்பதற்கு அது உறுதியாகாது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் வரையறுத்த சேர்க்கைப் பகுதி இருக்கிறது. சாலையின் ஒரு பக்கத்து வீடு ஒரு பள்ளிக்கும் எதிர்ப்பக்கத்து வீடு வேறு பள்ளிக்கும் உரியதாக இருக்கலாம். முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தம், மின்கட்டண இரசீது போன்றவற்றுக்குப் புள்ளிகள் வழங்கி, 100 புள்ளிகள் கேட்கும் பள்ளிகள் உண்டு. சிட்னியில் நம்மவர் மிகுதியாக வாழும் வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், துங்காபி போன்ற பகுதிகள் ஒரே இரயில் பாதையில் வரிசையாக அமைந்துள்ளன. வெஸ்ட்மீடில் குழந்தைகள் மருத்துவமனையும், சற்றுத் தள்ளி மேஸ் ஹில்லில் முருகன் கோயிலும் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். பள்ளிக் கோடுகள் இவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்திருக்கின்றன. தற்காலிக விசாவில் செல்பவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே அரசுப் பள்ளியிலும் கட்டணம் இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விசா வகைக்கும் மாநிலத்துக்கும் ஏற்ப இது மாறுபடும். இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு, வாடகையில் மிச்சம் பிடிப்பதைவிட இந்த ஒரு விவரத்தைப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்வது அதிகப் பயன் தரும்.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. தொடக்கப் பள்ளிச் சேர்க்கையில் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர், இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர் என்று முன்னுரிமை வழங்குகிறார்கள். வீட்டு விளம்பரங்களும் இதையே பெரிய எழுத்தில் போடும். ஆனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இடம் ஒதுக்கியபின் எஞ்சுவதே வேலை அனுமதியில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு. நமக்கு உதவாத ஒரு கிலோமீட்டருக்காகக் கூடுதல் வாடகை கொடுப்பதில் பொருளில்லை. இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் சேர்க்கப் போகிறோம் என்றால், அப்பள்ளியின் பேருந்து எந்தெந்தக் குடியிருப்புகளுக்கு வருகிறது, பிள்ளை காலையில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்ற இரண்டு கேள்விகள் போதும். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று; உள்ளூர்ப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகவும் கற்பிக்கப்படுகிறது. தமிழ் பேசும் பல குடும்பங்களுக்கு இது பெரிய ஈர்ப்பு. உள்ளூர்ப் பள்ளியில் இடம் கிடைக்காதவர்கள், தேர்ந்தெடுக்கும் இந்தியப் பள்ளி தமிழைக் கற்பிக்கிறதா என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிஷிகசாயும் யோகோஹாமாவும்

ஸ்ரீசிட்டியில் ஜப்பானிய ஆலைகள் இருப்பதால், ஜப்பானைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசுவது பொருத்தம். டோக்கியோவில் இந்தியக் குடும்பம் என்றாலே எடோகாவா வட்டத்தின் நிஷிகசாய் என்ற பெயர்தான் முதலில் காதில் விழும். 2000ஆம் ஆண்டையொட்டி வந்த கணினிப் பொறியாளர்கள் அங்கே குடியேறியதற்குத் தெளிவான காரணம் இருந்தது: தோசாய் பாதையில் ஏறினால், நிதி நிறுவனங்கள் நிறைந்த நிஹோம்பாஷி, ஓத்தேமாச்சி நிலையங்களில் வண்டி மாறாமல் இறங்கலாம். அவர்களைத் தொடர்ந்து மளிகைக் கடைகளும் உணவகங்களும் வந்தன. 2004இல் கிழக்கு டோக்கியோவின் கோட்டோ வட்டத்தில் ஓர் இந்தியப் பள்ளியும், 2006இல் நிஷிகசாயை ஒட்டி இன்னொன்றும் தொடங்கப்பட்டன.

ஆயினும், ஓத்தேமாச்சியில் வேலை பார்த்த கணினிப் பொறியாளருக்குப் பொருந்திய இடம், வாகன ஆலையில் பணிபுரியச் செல்லும் பொறியாளருக்குப் பொருந்துமா? ஈசுசுவின் பெரிய ஆலை கனகாவா மாவட்டத்தின் பியூஜிசாவாவில் இருக்கிறது; தலைமையகம் 2022இல் யோகோஹாமாவுக்கு மாறிவிட்டது. நிஷிகசாயில் குடியிருந்து பியூஜிசாவாவுக்குப் போவதென்றால் டோக்கியோவை முழுதாகக் குறுக்கே கடக்க வேண்டும். யோகோஹாமாவின் மிதோரி வட்டத்தில் 2009இல் தொடங்கிய இந்தியப் பள்ளி ஒன்று உண்டு. அதைச் சுற்றி இந்தியக் குடும்பங்களும் வாழ்கின்றன. டோக்கியோவில் உள்ள நண்பர் நிஷிகசாயைச் சொன்னார் என்பதற்காக இதைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

நிஷிகசாய் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று கேட்காமல் தடாவிலோ வடசென்னையிலோ அனுபவசாலிகள் வீடு எடுப்பதில்லை. அதே மக்கள் வெளிநாடு என்றதும் அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறார்கள். எடோகாவா வட்டத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு, கடல் ஏற்றத்தின்போது கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் தாழ்நிலம். 2019இல் அவ்வட்ட நிர்வாகமே வெளியிட்ட வெள்ள அபாய வரைபடம், பெருவெள்ள எச்சரிக்கை வந்தால் வட்டத்தை விட்டே வெளியேறுமாறு மக்களுக்கு ஒளிவுமறைவின்றி அறிவுறுத்தியது. இதனால் அங்கே குடியேறக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. இலட்சக்கணக்கானோர் அங்கே நலமாக வாழ்கிறார்கள். மேல்தளத்தில் வீடு பார்ப்பதும், வெளியேற வேண்டி வந்தால் எங்கே போவது என்று முன்கூட்டியே தீர்மானிப்பதும் செலவில்லாத எச்சரிக்கைகள். ஜப்பானில் ஏறக்குறைய எல்லா ஊர்களுக்கும் இத்தகைய வரைபடம் கிடைக்கும்.

பிள்ளையை ஜப்பானிய அரசுப் பள்ளியிலேயே சேர்ப்பவர்களும் உண்டு. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கல்வி சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும், பெற்றோர் விண்ணப்பித்தால் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்கிறார்கள். குடியேறிய 14 நாள்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அந்த முகவரியே பெரும்பாலும் பள்ளியையும் முடிவு செய்கிறது. ஆறு வயதுப் பிள்ளைகள் அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து நடந்தே பள்ளிக்குச் செல்வது அங்கே வழக்கம். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில் எத்தனை பெரிய சாலைகளைக் கடக்க வேண்டும் என்று பார்ப்பது ஆகவே தேவையாகிறது. பள்ளியில் வழங்கும் மதிய உணவில் மீனும் இறைச்சியும் சாதாரணம். சைவக் குடும்பங்கள் வீட்டிலிருந்து உணவு கொடுத்தனுப்ப அனுமதி உண்டா என்று முன்பே பேசிவிட வேண்டும். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்பது நமக்கு வசதி. ஆஸ்திரேலியாவில் அது ஜனவரி இறுதி அல்லது பிப்ரவரி தொடக்கத்தில். இங்கே ஏப்ரலில் தேர்வு முடித்துப் புறப்படும் பிள்ளை அங்கே வகுப்பின் நடுவில் போய் உட்காரும்.

பகலெல்லாம் வீட்டில் இருப்பவர்

பள்ளிக்கு அடுத்தபடி நாம் வற்புறுத்துவது, வேலைக்குச் செல்லாத துணைவரின் பகல்பொழுது. பெரும்பாலும் அவர் மனைவியாக இருப்பார். இங்கே வேலை பார்த்தவராகவும் இருக்கலாம். சிங்கப்பூரில் சார்ந்திருப்போர் அனுமதியில் செல்பவர், 2021 மே மாதத்திலிருந்து, வேலை பார்க்க வேண்டுமானால் தனியாக வேலை அனுமதி பெற்றாக வேண்டும். ஜப்பானில் சார்ந்திருப்போர் விசாவில் இருப்பவர் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். எந்த நாடானாலும் முதல் சில மாதங்கள் அவர் வீட்டில்தான் இருக்க நேரும். ஓட்டுநர் உரிமம் இல்லாத நிலையில், நடந்து போகும் தூரத்தில் காய்கறிக் கடையும் மருத்துவரும் பூங்காவும் நூலகமும் இல்லாத அழகிய தனி வீடு அவருக்குச் சிறைதான். தோட்டத்தோடு கூடிய வீட்டின் படத்தைக் கணவர் அலுவலக நண்பர்களுக்கு அனுப்பி மகிழ்வார்; அதன் வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் எங்கே என்று மனைவிதான் முதலில் கேட்பார். வீடு தேர்ந்தெடுக்கும் கலந்துரையாடலில் அவரும் இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

தமிழர் நிறைந்த பகுதியில் குடியேறலாமா, வேண்டாமா என்ற விவாதம் ஓயாதது. முதல் ஆண்டுக்கு அது நல்லது என்றே நமக்குத் தோன்றுகிறது. குழந்தைக்கு இரவில் காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனைக்குப் போவது என்று கதவைத் தட்டிக் கேட்க ஒருவர் வேண்டும். ஊர் பழகியபின் வேண்டிய இடத்துக்கு மாறிக்கொள்ளலாம். அதனால்தான் முதல் ஆண்டில் சொந்த வீடு வாங்குவதை நாம் ஊக்குவிப்பதில்லை. வீட்டுக்கடன் வழங்கும் வங்கியே இப்படிச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பகுதியைப் பற்றி விசாரிக்கும்போது, திருமணமாகாத சக ஊழியரைவிட, நம் பிள்ளையின் வயதில் பிள்ளை உள்ளவரைக் கேட்பது சிறப்பு. பள்ளி விடும் நேரத்திலும் இரவு ஒன்பது மணிக்கும் அந்தத் தெருவில் நடந்து பார்த்துச் சொல்லுமாறு அவரையே கேட்டுக்கொள்ளலாம்.

கையில் வைத்திருக்க வேண்டிய பணம்

சிட்னியில் வாடகையை வாரக்கணக்கில் சொல்வார்கள். வாரம் 700 டாலர் என்றால் நான்கால் பெருக்கி 2,800 என்று மனக்கணக்குப் போடுகிறோம். ஆண்டுக்கு 52 வாரங்கள். ஆகவே மாதச் செலவு ஏறத்தாழ 3,033 டாலர். ஆண்டில் அந்த வேறுபாடு நான்கு வார வாடகைக்குச் சமம். முன்பணமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. நியூ சவுத் வேல்ஸில் நான்கு வார வாடகைக்கு மேல் பிணைத்தொகை கேட்கக் கூடாது. இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவானால் ஐந்து வாரமே உச்சவரம்பு. ஜப்பானில் வைப்புத் தொகையோடு, வீட்டு உரிமையாளருக்கு நன்றிப் பணம் என்ற பெயரில் திரும்பி வராத தொகையும், முகவர் கட்டணமும், உத்தரவாத நிறுவனத்தின் கட்டணமும் சேர்ந்து, நுழையும்போதே நான்கைந்து மாத வாடகை போய்விடலாம். யுஆர் எனப்படும் அரசு சார்ந்த வீட்டுவசதி நிறுவனத்தின் குடியிருப்புகளில் நன்றிப் பணம், முகவர் கட்டணம், உத்தரவாதி ஆகிய மூன்றும் இல்லை. இந்தியக் குடும்பங்கள் பல அவற்றை நாடுவதற்கு இதுவே காரணம்.

வீட்டை நேரிலோ நம்பிக்கையானவர் மூலமோ பார்க்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம். வெளிநாட்டுக் கணக்குக்குச் சென்ற தொகையைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்; “இன்னும் இருவர் காத்திருக்கிறார்கள், இன்றே அனுப்புங்கள்” என்று அவசரப்படுத்துவது மோசடியாளர்களின் வழக்கமான உத்தி. முதல் மாதத்துக்கு மாதவாடகை விடுதியோ நிறுவனம் தரும் தற்காலிகக் குடியிருப்போ இருந்தால் அங்கே தங்கி, பிறகு வீடு தேடுவதே பாதுகாப்பானது. இந்தியாவில் வசிப்பவராக இருக்கும்வரை, தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். வேலைக்காகப் புறப்பட்டுச் சென்றபின் சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அங்கே ஈட்டுவதை இங்கே சேமிக்க என்ஆர்இ கணக்கு தொடங்கலாம். தடாவில் உள்ள சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுச் செல்பவர்கள், வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை கொடுப்பவர் வருமான வரியைப் பிடித்தம் செய்து கட்ட வேண்டும் என்ற விதியைக் குடித்தனக்காரருக்குத் தெரிவித்துவிடுவது நல்லது. கைப்பேசி எண்ணை நிறுத்திவிடாதீர்கள். கடவு எண் அதற்குத்தான் வரும்.

திரும்பி வரும் ஆண்டையும் இப்போதே யோசிக்க வேண்டும். பிள்ளை ஆந்திரத்தில் கல்லூரியில் சேர வேண்டும் என்று விரும்புபவர்கள், தொடக்கத்தில் சொன்ன நான்கு ஆண்டுக் கணக்கை நினைவில் கொள்வார்கள்: ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் முன் திரும்புவது ஒன்று, பத்தாம் வகுப்பில் திரும்புவது வேறொன்று. மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் செல்லும் குடும்பத்தில் மூத்த பிள்ளை ஆறாம் வகுப்பு முடித்திருந்தால், இந்தியப் பாடத்திட்டப் பள்ளிக்கு அருகில் குடியேறுவதா, உள்ளூர்ப் பள்ளியா என்ற கேள்விக்கு விடை ஏறக்குறைய அங்கேயே கிடைத்துவிடுகிறது. முதல் வகுப்புப் பிள்ளைக்கு அந்த நெருக்கடி இல்லை.

கடைசியாகச் சான்றிதழ்கள். எல்லையோரக் குடும்பங்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தெலுங்கு வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னால் வரும். தமிழ் வழக்கப்படி தந்தை பெயரின் முதலெழுத்து வரும். பிறப்புச் சான்றிதழ் ஒரு முறையிலும், பள்ளி மாற்றுச் சான்றிதழ் இன்னொரு முறையிலும், கடவுச்சீட்டு மூன்றாவதாகவும் இருக்கும் பிள்ளைகள் இவ்வட்டாரத்தில் குறைவில்லை. அங்குள்ள பள்ளி அலுவலருக்கு அவை மூன்று வெவ்வேறு பிள்ளைகளின் பெயர்கள். கடவுச்சீட்டில் உள்ளபடி மற்றவற்றைத் திருத்தி, பிறப்புச் சான்றிதழுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை பெற்று, தடுப்பூசிப் பதிவேட்டின் ஆங்கிலப் படியையும் சேர்த்துக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். திருத்தங்களுக்குக் காலம் பிடிக்கும் என்பதால், விசாவுக்குக் காத்திருக்கும் வாரங்களிலேயே வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் சென்று அவற்றைத் தொடங்கிவிடலாம்.